தலையைத் தூக்கிய தவிட்டுக்குருவி

ஒரு காட்டில் ஏழு தவிட்டுக்குருவிகள் வசித்தன என்று சொன்னால் போதாது. ஏழும் சேர்ந்து ஒரே குருவியாக வசித்தன. ஒன்று தத்தினால் ஏழும் தத்தும். ஒன்று கத்தினால் ஏழும் கத்தும், எதற்கென்று தெரியாமலேயே. பொழுது சாய்ந்தால் ஒரே கிளையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்காரும்.

மூத்தவள் பெரியக்கா வைத்ததுதான் அங்கே சட்டம். "'பருந்து'னு சத்தம் கேட்டா முள்புதருக்குள்ள பாய்ஞ்சிடணும். மேலே பார்க்கக் கூடாது. பார்த்துக்கிட்டு நின்னவ பிழைச்சதே இல்லை!"

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். அந்த ஆறில் இளையவள் துருவி. அவளுக்குக் கூட்டில் மூன்று குஞ்சுகள். வாதாட ஏது நேரம்?

ஒரு சமயம் மூன்று நாள் விடாத மழை. ஒரு புழுகூடக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் காலை, கடைக்குட்டிக் குஞ்சு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

அன்றைக்கென்று பளீரென வெயில் அடித்தது. புற்றிலிருந்து புகை கிளம்புகிற மாதிரி ஈசல் கிளம்பியது! அடேயப்பா, எத்தனை ஈசல்! ஏழு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். துருவி நாலு ஈசலை அலகில் சேர்த்தாள். அதற்குள்,

"பருந்து! பருந்து!"

பிடித்ததையெல்லாம் போட்டுவிட்டு ஏழும் புதருக்குள் பாய்ந்தன. திரும்பி வந்து பார்த்தால் போட்ட ஈசலில் ஒன்றுகூட இல்லை. மறுபடி பொறுக்கினார்கள். மறுபடி "பருந்து!" மறுபடி முள்ளுக்குள்.

"யார் கத்தினது?" என்றாள் துருவி.

"நானில்லை." "நானுமில்லை."

"அக்கா, நீயா?"

"கேட்டது என் குரல்தானே? அப்ப நான்தான் கத்தியிருப்பேன்!" என்றாள் பெரியக்கா.

"பருந்தைப் பார்த்தியா?"

"பார்க்கிறதாவது! வாயை மூடுடி. அடுத்த தடவை நீ மட்டும் நின்னேன்னு வை, இன்னியிலிருந்து கிளையில உனக்கு இடம் கிடையாது."

"கிடையவே கிடையாது!" என்றார்கள் ஐந்து பேரும்.

வெளியே வந்தபோது ஈசல் குறைந்துவிட்டிருந்தது. துருவி அவசர அவசரமாகப் பொறுக்கினாள். மூன்றாவது முறையும் கேட்டது:

"பருந்து! பருந்து!"

ஆறும் பறந்தன. துருவியின் கால்களும் துடித்தன. ஆனால் குஞ்சின் சத்தமில்லாத வாய் கண்முன் வந்தது. தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

கழுவிவிட்ட மாதிரி வானம். ஒரு கொசுகூட இல்லை!

ஆனால் பக்கத்து மரக்கிளையில் இரட்டைவால் கரிச்சான் உட்கார்ந்துகொண்டு, பெரியக்காவின் குரலில் ஜோராகக் கத்திக்கொண்டிருந்தான். கத்தி முடித்துவிட்டுச் சாப்பிடக் கீழே இறங்கியவன், துருவியைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"நீ ஓடலையா?"

"ஓடினாத்தானே உனக்குப் பந்தி?"

கரிச்சான் சிரித்தான். "போய்ச் சொல்லேன். ஆறு பேர் நம்புறதை விட்டுட்டு உன் ஒருத்தி பேச்சை எவ கேட்பா?"

துருவி அலகு கொள்ளாமல் ஈசலை அள்ளிக்கொண்டு கூட்டுக்குப் பறந்தாள். கடைக்குட்டி விழுங்கியது, "கீச்" என்றது! அப்பாடா!

திரும்பி வந்தபோது புதருக்குள் ஒரே ஒப்பாரி. "ஐயோ, துருவியைப் பருந்து தூக்கிட்டுதே!"

"அழுது முடிச்சாச்சா? அப்ப வெளியே வந்து சாப்பிடுங்க," என்றாள் துருவி.

"கட்டுப்பாட்டை மீறினவளோட எங்களுக்குப் பேச்சில்லை!" என்று சொல்லிக்கொண்டே பெரியக்கா வந்து வாய் நிறைய ஈசலை அடைத்துக்கொண்டாள். பசி யாரை விட்டது?

"பருந்து! பருந்து!"

ஆறு பேரும் சிறகை விரித்தார்கள். துருவி அசையவில்லை.

"அக்கா! உன் வாய் நிறைய ஈசல். உன் குரல் மட்டும் எப்படி மரத்திலேருந்து வருது?"

பெரியக்கா விழித்தாள். முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். ஐந்து பேரும் தூக்கினார்கள். கிளையில் கரிச்சான், திறந்த வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தான்.

ஏழும் சேர்ந்து அவனை விரட்டிய விரட்டில் காடே அதிர்ந்தது!

மீதி ஈசலை ஆற அமரத் தின்றுகொண்டிருந்தபோது தரையில் ஒரு நிழல் ஓடியது. துருவி நிமிர்ந்து பார்த்தாள். நிஜப் பருந்து!

"பருந்து!"

இந்த முறை ஏழு பேரும் ஒரு கணம் மேலே பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் புதருக்குள் பாய்ந்தார்கள். ஒருத்திக்கும் ஒரு இறகுகூடப் போகவில்லை.

முள்ளுக்குள் மூச்சு வாங்கியபடி பெரியக்கா மெல்லச் சொன்னாள்: "பார்த்துட்டு ஓடினாலும் நேரம் இருக்குதுடி." பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாயங்காலம் கிளையில என் பக்கத்துல உட்காரு" என்றாள்.

நீதி: எல்லோரும் ஓடுகிறார்கள் என்பதற்காக ஓடாதே, தலையைத் தூக்கி நீயே ஒரு முறை பார், பிறகு முடிவு செய்.