கயிற்றின் மறுமுனை

ரொம்ப காலத்துக்கு முன்னால், மழைகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் பெய்தது என்று ஜனங்கள் கதைவிட்ட நாளில், நெடுங்குளம் நாட்டை மருதவாணன் என்றொரு ராஜா ஆண்டான். அவனுக்குப் பட்டயப் பைத்தியம். சமைக்கிறவனா, பட்டயம் எங்கே? சாமரம் வீசுகிறவளா, பட்டயம் எங்கே? அரண்மனைப் பூனைக்குக்கூட எலி பிடிப்பதில் தேறியதாகச் செப்புத் தகடு அடித்துக் கழுத்தில் கட்டியிருந்தார்கள். கிணுகிணுவென்று அது வருவதைக் கேட்டு எலிகள் சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்து எழுந்து போயின.

பட்டயம் கொடுக்கும் அதிகாரி வித்தகராயர். அவருடைய முத்திரைச் சாலையில் உட்கார்ந்து ஓலையை ஒப்பித்தால் தகடு கிடைக்கும். வேலை நேரத்தில் அதைக் கழுத்திலிருந்து கழற்றினால் கசையடி.

அந்தச் சட்டத்தின் கனம் காத்தாயிக்குத் தெரியும். அவள் புருஷன் சடையன் பெரிய ஏரியின் மடைக்காரன். ஏரிக்குள்ளே, தண்ணீருக்கடியில் ஒரு கல்தூம்பு. வெள்ளம் ஏறும்போது ஒருவன் முங்கிப் போய் அதன் வாயை அடைத்த கல்லைத் தூக்கினால்தான் ஏரி வடியும். மடைக்குப் பட்டயம் வேண்டும் என்று சட்டம் வந்ததும், பத்து வருஷமாக முங்கியவன் ஒரு வருஷம் ஒப்பித்து ஏழு தகடு வாங்கிச் செப்புச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். முங்க ஒன்று, மூச்சடக்க ஒன்று, கல் தூக்க ஒன்று, இப்படி. கரையில் அவன் கயிற்றைப் பிடிக்கும் மைத்துனன் வீரணனை, கயிற்றுப் பட்டயம் இல்லையென்று விரட்டிவிட்டார்கள்.

போன ஐப்பசியில் சடையன் அடியிலிருந்து மூன்று முறை கயிற்றை இழுத்தான். கரையில் நின்ற பட்டயக்காரன், மூன்று இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று ஓலையைப் புரட்டிக்கொண்டிருந்தான். நாலாவது இழுப்பு வரவில்லை. அறுந்த கயிறு மட்டும் மேலே வந்தது.

இந்த வருஷம் ஏழு நாளாக மழை விடவில்லை. எட்டாம் நாள் காலை ஏரிக்கரையில் விரிசல். கீழே பதினோரு ஊர். ராஜா குடையோடும் வித்தகராயரோடும் கரைக்கு வந்து நின்றான். காத்தாயி தன் இரண்டு பிள்ளைகளை மேட்டில் ஏற்றிவிட்டு, அண்ணன் வீரணனோடு ராஜா முன்னால் போய் நின்றாள்.

"மகாராஜா, மடை வேலையை எனக்குக் குடுங்க. உச்சிப்பொழுதுக்குள்ள கல்லைத் தூக்கலேன்னா கரை நிக்காது."

ராயர் சிரித்தார். "பட்டயம் இருக்கிறதா, அம்மணி?"

"இல்லீங்க. தாமரைக் கிழங்கு எடுக்கச் சின்ன வயசுலேர்ந்து இதே ஏரியில முங்குறேன்."

"கிழங்கு பிடுங்குகிறவளுக்கு மடையா! மகாராஜா, என் சாலையில் தேறிய பன்னிரண்டு பேர் இதோ. ஆளுக்குப் பத்துத் தகடு."

பன்னிரண்டு பேரும் நடுங்கிய நடுக்கத்தில் நூற்றிருபது தகடும் சேர்ந்து ஒலித்தன.

"சரிங்க, அவங்களையே இறக்குங்க" என்றாள் காத்தாயி. "எங்க வழக்கத்துல கயிறு பிடிக்கிறவன் மைத்துனன். கூடப்பிறந்தவ தாலி அவன் கையில இருக்கு, கண்ணை எடுக்க மாட்டான். இவங்களுக்குப் பட்டயம் குடுத்த ராயரே பிடிக்கட்டும். கையில பிடிச்சா நழுவும், இடுப்புல கட்டிக்கட்டும்."

"அவன் மேலே வராவிட்டால்?" ராயர் குரல் ஒரு பிடி இறங்கியது.

"நீங்களும் கீழ போவீங்க. பத்துத் தகடு வாங்கின ஆளு வராமப் போவானா, சாமி?"

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "கட்டுங்கள்! ராயரே, சிறந்தவனை நீரே பொறுக்கும்."

இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு ராயர் வரிசையோடு நடந்தார். "இவனுக்குச் சளி, மகாராஜா. இவன்... இவன் முங்கினதே இல்லை."

"முங்கப் பட்டயம் கொடுத்திருக்கிறீரே?"

"ஓலையில் நன்றாக முங்கினான், மகாராஜா."

பன்னிரண்டாவது ஆளிடம் வந்தபோது கரையில் ஒரு பாளம் பெயர்ந்து சரிந்தது. ராயர் மண்டியிட்டுவிட்டார். "அவளை இறக்குங்கள்! அந்தக் காத்தாயியை!"

"அவளுக்குப் பட்டயம் இல்லையே?"

"எனக்கு உயிர் இருக்கிறதே!"

ராஜாவின் சிரிப்பு அத்தோடு நின்றது.

"அவர் இடுப்புக் கயிறு அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி, மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு காத்தாயி முங்கினாள். நடுக்கயிற்றை வீரணன் பிடித்தான்.

அடியில் கண் தெரியவில்லை. தூம்பின் கல்தூணைத் தடவியபோது கையில் ஒரு சங்கிலி சிக்கியது. தூணின் கொம்பில் மாட்டியிருந்த செப்புச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்குள் சடையனாய் மிச்சமிருந்ததையும் அவள் கை தொட்டது. முதலில் கல்லைத் தூக்கினாள். தண்ணீர் அவளை உள்ளே இழுத்தது. ஒரு கையால் தூணை அணைத்துக்கொண்டு சங்கிலியை விடுவித்தாள். பிறகு மூன்று முறை கயிற்றை இழுத்தாள்.

மேலே ராயர் எந்த ஓலையையும் புரட்டவில்லை. வீரணனுக்கு முந்தி, மாடு மாதிரி இழுத்தார்.

ஏரி வடிந்தது. பதினோரு ஊரும் பிழைத்தன. ராஜா அங்கேயே ராயரின் முத்திரையை உடைத்தான். இனிப் பட்டயம் கொடுக்கிறவன், வாங்குகிறவனோடு ஒரே கயிற்றில் கட்டுண்டு நிற்கவேண்டும் என்று சட்டம் போட்டான். அந்த வருஷம் முத்திரைச் சாலையில் ஒரு தகடுகூட அடிக்கவில்லை.

"இவளை மடைக்காரியாக எழுதிக்கொள்" என்றான் ராஜா. கணக்கர் எழுத்தாணியை எடுத்தார். பழக்கதோஷம், தலை நிமிராமலே கேட்டார்: "பட்டயம்?"

காத்தாயி சேறு சொட்டும் சங்கிலியை அவர் ஓலைமேல் வைத்தாள்.

"ஏழு இருக்கு. எல்லாம் நெசம்தாங்க, அவருக்கு வேலை தெரியும். இதைக் கழத்த விட்டிருந்தா அவரே ஏறி வந்திருப்பாரு."

ராஜா அரண்மனைக்குத் திரும்பியதும் பூனையை மடியில் வைத்து, அதன் கழுத்துத் தகட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தானாம்.