கைருன்பியோட நாலாவது மூலை

ஒரே ஒரு காடாம், காட்டுக்கு நடுவுல பதினோரு குடிசையாம், கடைசிக் குடிசைல கைருன்பின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க, ம் சொல்லு. ஆங், அப்படி! நீ ம் கொட்டுனாதான் எனக்கு வாய் நகரும்.

அவங்கல்லாம் சித்தி ஜனங்க. உன் வேளச்சேரி சித்தி இல்லடி, இது வேற சித்தி. கடலுக்கு அந்தாண்ட ஆப்பிரிக்கா இருக்கில்ல, அங்கேர்ந்து அவங்க தாத்தனுக்குத் தாத்தனையெல்லாம் கப்பல்ல ஏத்திட்டு வந்து, ஆடு மாடு மாதிரி இங்க வித்துட்டாங்க. படுபாவிங்க! அதுல கொஞ்ச பேரு, போங்கடா நீங்களும் உங்க எஜமானும்னு சர்ர்ர்னு காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. அப்புறம் அங்கயே குடிசை போட்டு, புள்ளகுட்டி பெத்து, சாயங்காலமானா தம் தம் தமாதம்னு மேளம் அடிச்சு ஆடுவாங்க. நல்ல பளபளன்னு கறுப்பு, சுருள் சுருளா முடி. அவ்வளவு அழகு!

அப்போ ஒருநாள் டக்கு டக்கு டக்குன்னு குதிரைல ராஜா வந்தான். கூடவே மந்திரி. ராஜாவுக்கு அங்க வேட்டை மாளிகை கட்டணுமாம். இருக்கற மாளிகையெல்லாம் பத்தல பாரு.

"இது என் காடு. யாரு நீங்க? உங்க கதை எந்த ஓலைல இருக்கு, எந்தக் கல்லுல இருக்கு?"ன்னு கேட்டான்.

"எழுத்து எங்களுக்குத் தெரியாதுங்க ராஜா. ஆனா கதை இருக்கு"ன்னா கைருன்பி.

"அப்போ அத மூணு நாள்ல என் கண்ணுக்குக் காட்டு. இல்லேன்னா மூணாம் நாள் பொழுது சாயறப்ப எல்லாரும் காட்ட விட்டுக் கிளம்பிடணும்."

காட்ட விட்டு எங்க போவாங்க, சொல்லு?

மொத நாள் மேளம் அடிச்சாங்க. கப்பல் ஆடுனது, சங்கிலி குலுங்குனது, காட்டுக்குள்ள ஓடுனது எல்லாம் அதுலயே வரும். தம்... தம்... தமாதமாதமா! ராஜா கால் தன்னால தாளம் போட்டுது. மந்திரி மட்டும், "சத்தம் காத்தோட போச்சு. கதை எங்க?"ன்னான்.

ரெண்டாம் நாள் பாட்டு. குடிசைக்கு ஒரு பாட்டு, பதினோரு பாட்டு. ராஜாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மந்திரி, "வாய மூடுனா பாட்டு முடிஞ்சுது. கதை எங்க?"ன்னான். சில பேருக்கு எதக் குடுத்தாலும் இப்படித்தான், விடு.

தூங்கிட்டியா? ம் வரலியே. சரி, கேளு.

அந்த ரெண்டு நாளும் கைருன்பி சும்மா இல்ல. மரத்தடில உக்காந்து சரக் சரக்குன்னு கவந்தி தைச்சா. கவந்தின்னா ஒட்டுப்போட்ட போர்வை. பழைய துணியத் துண்டு துண்டா வெச்சு, ஓரத்துலேர்ந்து சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க.

மூணாம் நாள் அத உதறி விரிச்சா. படார்!

"இது கப்பல்ல வந்தவரு கட்டியிருந்த துணி. இந்தச் செவப்பு, அவரு பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டுன சேலை. இது மேளக்காரரு சட்டை, அடிச்சு அடிச்சு தோள்ல கிழிஞ்சது. இது போன மழைல பொறந்த குழந்தைய ஏந்துன துணி. இப்போ உங்க கண்ணால பாருங்க ராஜா."

ராஜா வாயத் தொறந்தது தொறந்தபடி பாத்தான். "எங்கிட்டக் குடு"ன்னு கை நீட்டுனான்.

அப்போ கைருன்பி, "ஐயையோ!"ன்னு தொபுக்குன்னு கவந்தி மேலயே விழுந்துட்டா. "பாக்காதீங்க, பாக்காதீங்க! அம்மணமா இருக்கு!"

மந்திரி டப்புன்னு கண்ண மூடிட்டான். ஹஹ்ஹா!

என்னன்னா, கவந்தியோட நாலு மூலைலயும் துணிய மடிச்சு மடிச்சு ஒரு பூ தைக்கணும். பூ இல்லேன்னா அது அம்மணம்தான், அடுத்தவங்க கைல குடுக்கவே கூடாது. அவசரத்துல நாலாவது மூலைய மறந்துட்டா.

"முடியாத கதை செல்லாது"ன்னு மந்திரி எகிறுனான். "பொழுதும் சாயுது. கிளம்புங்க!"

சூரியன் மரத்துக்குக் கீழ எறங்கிடுச்சு. புள்ளைங்க அழ ஆரம்பிச்சுடுச்சு. கைருன்பி தன் முந்தானையக் கிழிக்கப் போனா. அப்புறம் கை நின்னுடுச்சு. பதினோரு குடிசைத் துணியும்தான் இதுல இருக்கே, யாரு துணி இல்ல? நிமிந்து ராஜாவப் பாத்தா.

"காடு உங்களுதுன்னீங்களே ராஜா. உங்க துணி ஒண்ணுகூட இதுல இல்லியே. குடுங்க, தைக்கறேன்."

ராஜா ஜரிகைப் பட்டு ஒண்ணு நீட்டுனான்.

"இது புதுசு. இதுல யாரும் அழல, சிரிக்கல, வேர்க்கல. பழசு இருக்கா?"

ராஜா முகம் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. திருதிருன்னு முழிச்சான். அப்புறம் மெதுவா இடுப்புலேர்ந்து ஒரு பச்சைத் துணி எடுத்தான். நைஞ்சு போன துணி.

"எங்கம்மா சேலை. இது கைல இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது"ன்னான், சின்னக் குரல்ல.

யாரும் சிரிக்கல. கைருன்பி அதக் கண்ணுல ஒத்திக்கிட்டு, மடிச்சு மடிச்சு, சரக் சரக்குன்னு பூ தைச்சா. கடைசி முடிச்சுப் போடறதுக்கும் சூரியன் மறையறதுக்கும் சரியா இருந்துது.

"கதைதான் பாத்தாச்சே, ராஜா. இவங்கள என்ன பண்றது?"ன்னான் மந்திரி.

ராஜா பூவத் தடவிக்கிட்டே சொன்னான்: "எங்கம்மா இவங்க நடுவுல இருக்கா. இவங்களத் தொரத்தணும்னா மொதல்ல அவளப் பிரிக்கணும். இந்தா, நீ பிரி."

மந்திரி கையப் பின்னால கட்டிக்கிட்டான்.

அப்புறம் என்ன, மாளிகையும் வரல, மண்ணாங்கட்டியும் வரல. "கவந்திய அரண்மனைக்கு எடுத்துட்டுப் போகட்டா?"ன்னு ராஜா கேட்டான். "எங்க கதை எங்ககிட்டதான் இருக்கும், ராஜா. தூக்கம் வரலேன்னா நீங்க இங்க வாங்க"ன்னா கைருன்பி. அவனும் வந்தான். குதிரைய மரத்துல கட்டிட்டு, மேளக்காரருக்கும் கைக்குழந்தைக்கும் நடுவுல கவந்திக்குள்ள சுருண்டு, கொர்ர்ர்... கொர்ர்ர்...

அவங்க காடு அவங்களுக்கு, இந்தப் பாய் உனக்கு. காலை நீட்டு, கண்ணை மூடு, கதை படுத்துடுச்சு.