மருத மரத்து வெளிச்சம்

சூரியன் எட்டிப் பார்க்காத பாறைச் சரிவு ஒன்று ஒரு காட்டில் இருந்தது, குழந்தைகளே. அதன் அடியில் வளை தோண்டி முள்ளம்பன்றிகள் குடியிருந்தன. வளைகள் ஆழமானவை. உள்ளே பகலும் இருட்டு, இரவும் இருட்டு.

அவற்றில் ஒரு வளையில் தாய் முள்ளம்பன்றி ஒன்று குட்டி போட்டிருந்தது. பிறந்த குட்டியின் முட்கள் புல்லைப் போல மெத்தென்று இருக்கும். அவை கெட்டிப்படும்வரை குட்டி வெளியே வரக் கூடாது. வந்தால் பகலில் கழுகோ இரவில் ஆந்தையோ தூக்கிக்கொண்டு போய்விடும்.

தாய்க்கு ஒரே ஓர் ஆசை. குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தூங்க வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. ஒருநாள் இருட்டில் திரும்பிப் படுத்தபோது தாயின் முள் குட்டியின் காதில் குத்திவிட்டது. குட்டி வீறிட்டு அழுதது. அன்றிலிருந்து பால் கொடுத்ததும் தாய் விலகிப் போய், வளையின் மறுகோடியில் படுத்துக்கொள்ளும்.

"அம்மா, பக்கத்தில் வாயேன்," என்று குட்டி கூப்பிடும்.

"நீ எங்கே படுத்திருக்கிறாய் என்று தெரியவில்லையே, கண்ணே. கொஞ்சம் வெளிச்சம் வரட்டும், வருகிறேன்," என்று தாய் சொல்லும்.

காட்டு ராஜாவான சிங்கத்துக்கு நல்ல மனசு. ஆனால் மலைப்பாறையை விட்டு இறங்கச் சோம்பல். "என் காட்டில் இருட்டு வளையே இருக்கக் கூடாது. வளைக்கு வளை மின்மினிகளைக் கொண்டுபோய் விடு," என்று நரிக்குக் கட்டளையிட்டது.

நரி மின்மினிகளைக் கூட்டிக்கொண்டு சரிவுக்கு வந்தது. முதல் வளைக்குள் தலையை விட்டதுமே முகமெல்லாம் மண். "இத்தனை வளைக்குள் யார் நுழைந்து நுழைந்து வருவது? நுழைந்தாலும் ராஜாவுக்குத் தெரியவா போகிறது?" என்று முணுமுணுத்தது. வளைகளுக்கு மேலே நெடுநெடுவென்று ஒரு மருத மரம் நின்றது. மின்மினிகள் அத்தனையையும் அதன் உச்சியில் ஏற்றிவிட்டது நரி.

அந்தி சாய்ந்ததும் மரம் ஜெகஜ்ஜோதியாக மின்னியது. பாறை மேலிருந்து பார்த்த சிங்கம் பூரித்துப்போனது. "சபாஷ்! முள்ளம்பன்றிகளுக்கு வெளிச்சம் வந்துவிட்டது!" என்று கர்ஜித்து, நரியைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டது.

மறுநாள் தாய் முள்ளம்பன்றி நரியிடம் போய் நின்றது.

"நரியண்ணே, வளைக்குள் ஒன்றும் தெரியவில்லையே."

"மரத்தை அண்ணாந்து பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"மின்னுகிறதா?"

"மின்னுகிறது."

"அப்புறம் என்ன? வெளிச்சம் வந்தாயிற்று. இனி உன் வளைக்குள் வந்து நான் வேறு மின்ன வேண்டுமா?" என்று நரி விரட்டிவிட்டது.

தாய் மரத்தடிக்குப் போய் மின்மினிகளிடம் கெஞ்சியது. "ஒரே ஒருவர் இறங்கி வாருங்களேன்."

"எங்களுக்கும் ஆசைதான், அக்கா. உச்சியில் வெளிச்சம் குறைந்தால் இறக்கையைப் பிய்த்துவிடுவேன் என்று நரி மிரட்டியிருக்கிறது," என்றன மின்மினிகள்.

அதன் பிறகு ஒவ்வொரு அந்தியிலும் தாய் வளை வாசலில் நின்று மரத்தைப் பார்க்கும். அவ்வளவு வெளிச்சம்! அதில் ஒரு துளி உள்ளே விழுந்தால் போதுமே என்று ஏங்கும். உள்ளேயிருந்து குட்டி, "அம்மா, வந்துவிட்டதா?" என்று கேட்கும். "வந்துகொண்டிருக்கிறது," என்று தாய் சொல்லும். நாட்கள் போகப் போக, குட்டி கேட்பதையே விட்டுவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் ராஜா ஒவ்வொரு குடியிருப்புக்கும் போய், புதிதாகப் பிறந்த குட்டிகளின் தலையில் கை வைத்து வாழ்த்த வேண்டும். சோம்பலானாலும் வழக்கத்தை மீற முடியுமா? மழை விட்டதும் சிங்கம் நரியோடு சரிவுக்கு வந்தது.

"குட்டியை மரத்தடிக்குக் கொண்டு வா," என்று நரி அவசரப்படுத்தியது.

தாய்க்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. அது சிங்கத்தை வணங்கி, "ராஜா, குட்டி உள்ளே தூங்குகிறது. நீங்கள் கொடுத்த வெளிச்சம்தான் இருக்கிறதே! உள்ளேயே பார்த்து வாழ்த்துங்கள்," என்றது.

நரி ஓடிவந்து வளை வாசலை மறித்தது. "வேண்டாம் ராஜா, உங்கள் பிடரியில் மண் படும்!"

"படட்டும். நான் கொடுத்த வெளிச்சத்தை நான் பார்க்க வேண்டாமா?" என்று சிங்கம் வளைக்குள் தலையை நுழைத்தது. உள்ளே கும்மிருட்டு.

"குட்டி எங்கே?"

"உங்களுக்கு முன்னால்தான், ராஜா."

"ஒன்றும் தெரியவில்லையே!" என்று சிங்கம் தடவித் தடவிக் கையை நீட்டியது. மறு நொடி "ஆ!" என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அதன் உள்ளங்கையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்ன முள் தைத்திருந்தது.

அந்த முள்ளைப் பார்த்துத் தாய் அப்படியே நின்றுவிட்டது. அது குட்டியின் முள். மெத்தென்று இருந்த முள் எப்போது இப்படிக் கெட்டியானது என்று பெற்ற தாய்க்கே தெரியவில்லை.

"வெளிச்சம் எங்கே?" என்று சிங்கம் நரியைப் பார்த்துக் கர்ஜித்தது.

"மே... மேலே இருக்கிறது, ராஜா."

"குட்டி மேலேயா இருக்கிறது?"

சிங்கம் மரத்தைப் பார்த்தது. தூரத்தில் தெரிந்த தன் பாறையையும் பார்த்தது. அங்கே உட்கார்ந்தபடி பார்த்துப் பார்த்து மகிழ்ந்ததை நினைத்து அதற்கு வெட்கமாகிவிட்டது. "ஒவ்வொரு வளைக்குள்ளும் நீயே நுழைந்து மின்மினிகளை விட்டு வா," என்று நரிக்கு உத்தரவு போட்டது. அன்று மாலைக்குள் நரியின் மூக்கைக் குத்தாத முள் பாக்கியில்லை.

தாயின் வளைக்குள்ளும் மின்மினிகள் வந்தன. தாய் முதன்முதலாகத் தன் குட்டியைப் பார்த்தது. மூக்கின் மேல் வெள்ளையாக ஒரு கீற்று இருந்தது. காதில் தழும்பும் இருந்தது.

"அம்மா, இப்போது பக்கத்தில் வருவாயா?" என்று குட்டி கேட்டது.

தாய் ஓடிப்போய் அணைத்தது. முள்ளோடு முள் மோதிச் சடசடவென்று சத்தம் எழுந்தது. இரண்டும் வலியோடு விலகிக்கொண்டன. முள் இல்லாத இடம் எது என்று தாய் வெளிச்சத்தில் தேடித் தேடிப் பார்த்தது. கடைசியில் தன் மோவாயைக் குட்டியின் மோவாயோடு ஒட்டிவைத்துப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான் முடிந்தது.

குட்டி தூங்கிப்போனது. தாய் மட்டும் கண்ணை மூடாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீதி: கொடுத்த வெளிச்சத்தைத் தூரத்தில் நின்று பார்த்து மகிழாதே, அது இருட்டு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று காலத்தோடு போய்ப் பார்.