வாயசைப்பு

கல்லூரியின் விஸ்காம் துறையில் வைதேகி மேடத்திடம் நேரான பதில் வாங்கியவர் யாரும் கிடையாது. கேள்வி கேட்டால் டீ வாங்கிக் கொடுப்பார், இல்லாவிட்டால் வேலை வைப்பார். அது தெரிந்தும் செல்வின் அவரைத் தேடி எடிட்டிங் அறைக்குப் போனான். பாவம், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கடைசி வருட மாணவன். பரீட்சைக்காக ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டும். சகாயமேரி என்ற பெண்ணைப் பாட வைத்திருந்தான். பகலெல்லாம் துணிக்கடையில் பில் போடுகிறவள். பாட்டை அவளே எழுதி, அவளே மெட்டும் போட்டிருந்தாள். எந்தெந்தக் கம்பெனிக்கோ அனுப்பிப் பார்த்தும் ஒருவரும் சீந்தவில்லை. இந்த வீடியோவாவது தன்னை நாலு பேருக்குக் காட்டும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

செல்வினின் திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மொட்டை மாடியில் மழை, பறக்கும் ரயில் நிலையத்துப் படிக்கட்டு, சரணத்துக்குச் சரணம் வேறு சேலை. எல்லாவற்றையும் படமாக வரைந்து விடுதி அறைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தான். ஒத்திகை பார்த்தபோதுதான் வந்தது வினை.

“சகாயமேரி வாய் பாட்டோட ஒட்டவே மாட்டேங்குது மேடம்.”

“ம்.”

“சும்மா பாடச் சொன்னா அருமையாப் பாடுறா. ஆனா தடவைக்குத் தடவை வேற மாதிரி பாடுறா. பதிவு பண்ணின பாட்டைப் போட்டு வாயசைக்கச் சொன்னா, கல்லு மாதிரி நின்னுடுறா.”

“என்ன பண்ணப் போற?”

செல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டான். “குரல் அவளோடது இருக்கட்டும் மேடம். முகத்துக்கு நம்ம கிளாஸ் ஹரிணியை நிக்க வைக்கலாம்னு பாக்குறேன். சினிமாவுல காலங்காலமா நடக்கிறதுதானே? நாளைக்கு ஷூட்டிங். நீங்க சரின்னு சொன்னாப் போதும். நேத்தே வாய்ஸ் மெசேஜ் போட்டேனே மேடம்.”

“கேட்டேன்” என்றபடி மேடம் தன் போனை ஸ்பீக்கரில் மாட்டினார். “இதுக்கு வாயசை.”

“எதுக்கு மேடம்?”

“உன் குரல்தானே? அசை.”

அறை முழுக்க அவன் குரல் கேட்டது. ‘மேடம், எனக்குப் பயமா இருக்கு மேடம். இதுவும் கெட்டுப்போச்சுன்னா நான்...’ அந்த இடத்தில் குரல் உடைந்திருந்தது. செல்வின் வாயசைத்துப் பார்த்தான். முதல் வரியில் முந்திக்கொண்டான், அடுத்த வரியில் பின்தங்கினான், குரல் உடைந்த இடத்தில் வாயைத் திறந்தபடியே நின்றான். வெட்கமாக இருந்தது.

மூலையில் எடிட் பண்ணிக்கொண்டிருந்த ஹரிணியை மேடம் கூப்பிட்டார். அவள் ஒரு தடவை கேட்டாள். மறுதடவை அட்சரம் பிசகாமல் வாயசைத்தாள். குரல் உடைகிற இடத்தில் உதட்டைக் கடித்துக் கண்ணையும் கலங்க வைத்துக்கொண்டாள். அறையில் இருந்த மற்ற மாணவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். செல்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவனுடைய பயம். அடுத்தவள் முகத்தில் அதைப் பார்க்க அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

“நல்லாப் பண்ணினாளா?”

“பண்ணினா மேடம்.”

“உன்னைவிட?”

“ஆமா.”

“அப்ப இனிமே உனக்குப் பயம் வந்தா ஹரிணியை அனுப்பு. நீ வராத.”

மேடம் போனைக் கழற்றிப் பையில் போட்டார்.

“சகாயமேரிகிட்டச் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் மேடம். ‘பரவாயில்ல செல்வின், என் குரல் வெளிய வந்தாப் போதும்’னு சொல்லிட்டா.”

“சொல்லும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

செல்வின் யோசித்தான். ஸ்டாண்டை மடக்கியது ஞாபகம் வந்தது. லென்ஸைத் துடைத்து மூடியது ஞாபகம் வந்தது. அவள் முகம் மட்டும் வரவே இல்லை.

“பாக்கல மேடம்” என்றான் மெதுவாக. “கேமராவைக் கழட்டிப் பையில வெச்சுக்கிட்டு இருந்தேன்.”

“கம்பெனிக்காரங்களும் பாக்கல” என்றார் மேடம். “போ, அவ முன்னால கேமராவை மாட்டு.”