மலைமேல் ஒரு சாட்சி

குமரிக் கடலோரத்தில் மலையேறி இறங்கும் மாரத்தானில் மீன்காரி பிரிஜித் முதலில் வந்துவிட்டாள். தலையில் மீன்கூடையோடு தினமும் தாண்டுகிற மலைதான் அவளுக்குப் பயிற்சி. இரண்டாவதாக வந்தவன் ஷிபு. அவன் அப்பா ஞானசிகாமணிதான் போட்டியை நடத்திய விடுதி முதலாளி.

அவர் மைக்கைப் பிடித்தார். "மலை ஏறத் தொடங்குற அடிவாரம் வரைக்கும் என் மகன்தான் முன்னால ஓடினான். நீ குறுக்கு வழியில வந்திருக்க. மலைமேல உன்னைப் பார்த்த சாட்சியைக் கொண்டா. இல்லைன்னா போலீஸ்தான்."

மலையில் ஈ காக்கை கிடையாது. போலீஸ்காரர் ஒருவர் மேடையருகே வந்து நின்றார்.

பிரிஜித் அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டாள். "சாட்சி உங்க மகன்தான், மொதலாளி. அது ஒத்தையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல். ஒருத்தர் பாறையோட ஒட்டி உட்கார்ந்தாத்தான் இன்னொருத்தர் தாண்ட முடியும். எங்க உட்கார்ந்து எனக்கு வழி விட்டாருன்னு கேளுங்க. சொன்னா, நான் மலைமேல வந்தது உண்மை. சொல்லலைன்னா, அவரு மலைக்கே வரலை."

முதலாளி மைக்கை மகன் வாயருகே நீட்டினார். "எங்கயாவது உட்கார்ந்தியாடா?"

ஷிபு தலைகுனிந்தான்.

"உட்கார்ந்தேன்பா. நம்ம ஜீப்புல."