மருத மரத்துக்கு ஒரு காவல்

மலையடிக் காட்டில் ஒரு மடு இருந்தது. கோடை முற்றிச் சுற்றுவட்டாரத்துச் சுனைகள் எல்லாம் காய்ந்த பிறகும் அதில் மட்டும் தண்ணீர் கிடந்தது. ஆனாலும் அதில் வாய் வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

காரணம், காவல் போய்விட்டது.

மடுவின் மேல் சாய்ந்து நிற்கும் மருத மரத்தில் தாழ்ந்த கிளை ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்தால்தான் கரைப் புல்லுக்குள் பதுங்கி வரும் சிறுத்தை கண்ணில் படும். மேலே ஏறிவிட்டால் இலைகள் மறைத்துவிடும். அந்தக் கிளையில் பேச்சி என்ற மந்தி பல கோடைகளாகக் காவல் இருந்தாள். அவள் கத்தினால் மான்கள் சிதறும், பன்றிகள் புதருக்குள் பாயும். கடைசி நாளும் அப்படித்தான் கத்தினாள். எல்லாரும் தப்பினார்கள். பேச்சி மட்டும் தப்பவில்லை.

அல்லி என்ற புள்ளிமானுக்கு அந்த நினைப்பு மனதை விட்டு அகலவே இல்லை. அவளுக்குப் பால்குடி மறவாத குட்டி ஒன்று இருந்தது. தாகத்தில் அவள் மடி வற்றிக்கொண்டே வந்தது. குட்டி முட்டி முட்டிப் பார்க்கும். பால் வராமல் போனதும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"காட்டைப் படைச்ச சாமி! என் தாகம் கிடக்கட்டும். இந்தப் பிள்ளைக்குப் பால் சுரக்கிற அளவுக்காவது நான் தண்ணி குடிக்க வழி காட்டு" என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மிருகங்கள் எல்லாம் மரத்தடியில் கூடின. காவல் பதவிக்கு இரண்டு குரங்குகள் போட்டியிட்டன.

முதலாவது மதிவாணன். பாழடைந்த கோபுரத்தில் ஆந்தையார் நடத்தும் பள்ளியில் படித்துத் தேறியவன். படிப்பை முடித்தவர்களுக்கு ஆந்தையார் தன் இறகு ஒன்றைத் தருவார். அதை மதிவாணன் கழுத்தில் கட்டியிருந்தான்.

இரண்டாவது காத்தமுத்து. சிறுத்தையின் வாயில் அகப்பட்டு மீண்டவன். ஒரு காது கிழிந்திருந்தது. முதுகில் நகம் கீறிய தழும்புகள் நீளநீளமாகக் கிடந்தன.

"ஒவ்வொரு மிருகத்தோட நடையும் எனக்குத் தெரியும். காலடியைப் பார்த்தே பேர் சொல்லுவேன்" என்றான் மதிவாணன்.

"பேர் சொல்லி விருந்துக்கா கூப்பிடப் போறே?" என்று காத்தமுத்து சிரித்தான். "சிறுத்தையோட மூச்சு என் கழுத்துல பட்டிருக்குப்பா! அதை எந்த ஆந்தை சொல்லிக்கொடுக்கும்?"

"அதானே!" என்று பன்றிகள் உறுமின. "அடிபட்டவனுக்குத்தான் அருமை தெரியும்! பேச்சி எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சா?"

"பேச்சி உடம்புல தழும்பு எங்கே இருந்துச்சு?" என்று மயில் திருப்பிக் கேட்டது. "படிக்காதவங்களைக் காவலுக்கு வச்சா அக்கம்பக்கத்துக் காடு நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?"

இப்படியே வாய்ச்சண்டை வளர்ந்தது. வெயில் ஏறியது. அல்லியின் குட்டி சோர்ந்து படுத்துவிட்டது. பொறுக்க முடியாமல் அவள் முன்னால் வந்தாள். அவள் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள்.

"ஐயா, ரெண்டு பேரும் தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். மூச்சை இழுத்துத் தாவுற நேரத்துல குரல் வராது. சிறுத்தையைப் பார்த்ததும் முதல்ல கத்துவீங்களா, முதல்ல மேலே ஏறுவீங்களா?"

மதிவாணன் தொண்டையைக் கனைத்தான். "வந்தது எதுன்னு முதல்ல உறுதி பண்ணிக்குவேன் அம்மா. தெரியாம கத்துறது படிச்சவனுக்கு அழகில்லை."

காத்தமுத்து கையை விரித்தான். "உயிரோட இருந்தாத்தானே கத்த முடியும் தாயி? முதல்ல உச்சிக்குப் போயிடணும். இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது."

"ரெண்டுமே சரியாத்தானே இருக்கு! நீ போய்ப் பிள்ளையைப் பாரு" என்று கூட்டம் சிரித்தது. அல்லி தலைகுனிந்து விலகி நின்றாள். இரண்டு பதிலிலும் கத்துவது பின்னால்தான் வந்தது.

பிறகு அவரவர் தமக்குப் பிடித்தவர் பக்கம் போய் நின்றார்கள். மதிவாணன் பக்கமே கூட்டம் அதிகம். அவன் தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்தான். தோற்றுப்போன காத்தமுத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுக்கிளையில் உட்கார்ந்தான்.

எல்லாரும் மடுவில் இறங்கினார்கள். ஒரு கரையில் பன்றிக்குட்டிகள் தண்ணீரை அடித்து விளையாடின. எதிர்க்கரையில் அல்லி குட்டியோடு குனிந்தாள். உதடு நனைவதற்குள் ஏதோ உறுத்தியது. நிமிர்ந்தாள்.

காற்றே இல்லை. ஆனால் பன்றிக்குட்டிகளுக்குப் பின்னால் புல் அசைந்தது.

அல்லி மரத்தைப் பார்த்தாள். மதிவாணனும் அதைப் பார்த்துவிட்டான். கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி உற்று உற்றுப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. காத்தமுத்து ஒரே தாவலில் உச்சிக்குப் போய்விட்டான். அவனும் வாய் திறக்கவில்லை.

புல்லுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. அவை பன்றிக்குட்டிகள் மேலேயே பதிந்திருந்தன. சத்தம் போடாமல் நழுவினால் அல்லியும் குட்டியும் பிழைத்துக்கொள்ளலாம். சத்தம் போட்டால் அந்தக் கண்கள் அவள் பக்கம் திரும்பும்.

காலையில் அவள் கேட்ட கேள்வி இப்போது அவளிடமே வந்து நின்றது.

'சாமி, என் பிள்ளையைப் பார்த்துக்கோ' என்று நினைத்தாள். தலையால் குட்டியைப் புதருக்குள் முட்டித் தள்ளினாள். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"சிறுத்தை! ஓடுங்க! ஓடுங்க!"

மடு கலங்கியது. பன்றிக்குட்டிகள் சிதறின. இரை தப்பிய கோபத்தில் சிறுத்தை கரையைச் சுற்றிக் குரல் வந்த பக்கம் பாய்ந்தது. அதன் நகம் அல்லியின் தொடையைக் கிழித்தது. அவள் உதறி எழுந்து ஆழத்தில் குதித்து நீந்தினாள். அதற்குள் காடே கூச்சல் போட்டது. இனிப் பதுங்க வழியில்லாத சிறுத்தை உறுமிக்கொண்டு விலகிப் போயிற்று.

ரத்தம் சொட்டச் சொட்டக் கரையேறிய அல்லியை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். குட்டி ஓடிவந்து அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப அல்லிக்கும் அடிபட்ட அனுபவம் வந்தாச்சு! அவளையே காவலா வச்சிடுவோம்!" என்றது பெரிய பன்றி.

"மரம் ஏறத் தெரியாதவளை எந்தக் கிளையில உக்கார வைப்பீங்க, அண்ணே?" என்றாள் அல்லி, வலியோடு. "இந்தக் காயம் கத்தின பிறகுதானே வந்துச்சு? கத்தும்போது என்கிட்ட படிப்பும் இல்லை, தழும்பும் இல்லையே!"

மதிவாணன் இறங்கி வந்து அவள் எதிரே நின்றான்.

"எனக்குப் பாதி தெரிஞ்சுடுச்சு அம்மா. மீதியும் தெரியட்டும்னு இருந்துட்டேன். தப்பாச் சொன்னா என் பேர் கெட்டுடுமேன்னு பயந்தேன். இன்னொரு தடவை என்னை அங்கே உக்கார விடுவீங்களா?"

"வேணாம்! ஒரு தடவை பட்டது போதும்!" என்று மான்கள் கத்தின.

அல்லி அவன் கண்ணையே பார்த்தாள்.

"உக்காருங்க ஐயா. நாளைக்கு என் பிள்ளையோட தண்ணி குடிக்க வரேன்" என்றாள்.

மறுநாள் மாலை எல்லாரும் பயந்து பயந்து மடுவில் இறங்கினார்கள். சற்று நேரத்தில் புல் சலசலத்தது. அடுத்த நொடியே மதிவாணன் கத்தினான். காடு அதிரக் கத்தினான். எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

புல்லை விலக்கிக்கொண்டு ஓர் உடும்பு வெளியே வந்தது.

"அடடா! ஆந்தையாரோட மாணவருக்கு உடும்புக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் தெரியலையே!" என்று காத்தமுத்து உச்சிக்கிளையில் உருண்டு சிரித்தான். பன்றிகள் சிரித்தன. மயில்கூடச் சிரித்தது.

மதிவாணனின் முகம் சுருங்கியது. ஆனால் அவன் அந்தக் கிளையை விட்டு அசையவில்லை. மறுபடியும் புல்லையே பார்க்கத் தொடங்கினான்.

அல்லி மட்டும் சிரிக்கவில்லை. நொண்டி நொண்டித் தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். குட்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கண்ணை மூடி, ஒரு தடவைகூட நிமிராமல், வயிறு நிறையக் குடித்தாள்.

பதவி கேட்டு வருகிறவர் படித்தவரா, அடிபட்டுத் தெரிந்தவரா என்று பார்ப்பதற்கு முன்னால், ஆபத்து வரும்போது தன் உயிரையும் தன் பெயரையும்விட நம்மைப் பெரிதாக நினைப்பாரா என்று பார்க்க வேண்டும்.