வாயைத் திறக்காத ஞானப்பிரகாசம்

“சார், அவரு என் கையால சாப்பிட மாட்டேங்கிறாரு. நான் என்ன பண்ணட்டும்?”

பூங்கோதை அப்படிக் கேட்டுக்கொண்டேதான் அறைக்குள் நுழைந்தாள்.

திருமங்கலம் தாண்டி இருக்கிற பராமரிப்பு இல்லம் அது. உடல் முடங்கியவர்களைக் கவனித்துக்கொள்ள அங்கே பயிற்சி கொடுப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் திருமாறன். பிறவியிலிருந்தே கை கால் இழுத்துக்கொள்ளும் அவருக்கு, சக்கர நாற்காலிதான். பேச்சும் லேசில் வராது. ஒரு சொல் கிளம்பி வருவதற்குள் மதுரை பஸ்ஸே போய்விடும். வயதில் பூங்கோதைக்குத் தம்பி மாதிரி.

பூங்கோதை ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள். வேலை என்றால் பறப்பாள். பாசமும் அப்படித்தான், அள்ளிக் கொட்டுவாள்.

அவள் பொறுப்பில் இருந்த ஞானப்பிரகாசம் பக்கவாதத்தில் விழுந்த பெரியவர். முந்தாநாளிலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டுவிட்டார். நாளைக் காலைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பூங்கோதைக்கு அந்தக் குழாயைத் தெரியும். பிடுங்கப் பார்த்தவர்களின் கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டதையும் பார்த்திருக்கிறாள்.

திருமாறன் வாயைத் திறந்தார்.

“அவ... ருக்கு...”

“காரம் ஒத்துக்கலையா சார்? நானும் அதைத்தான் நினைச்சேன்.”

ஓடியே போய்விட்டாள். தயிர்சாதத்தை மையக் குழைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

பெரியவர் உதடு அசையவில்லை.

திரும்ப ஓடி வந்தாள். தயிரும் வேண்டாமாம் என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

“அவ... ருக்கு... என்...”

“என்னைப் பிடிக்கலையா? சாமி, அதைச் சொல்லுங்க முதல்ல.”

மறுபடி ஓட்டம். ஸ்பூனை வேறு ஒருத்தி கையில் கொடுத்து ஊட்டச் சொன்னாள். தான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல.

அதுவும் பலிக்கவில்லை.

இந்தத் தடவை வரும்போது பூங்கோதைக்குக் கண் கலங்கியிருந்தது. கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

“நீங்க சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன் சார். ஒண்ணும் நடக்கல.”

திருமாறன் சிரித்தார். நாற்காலியே குலுங்கும்படி சிரித்தார்.

“நான்... இன்னும்... சொல்லவே... இல்லையே... அக்கா.”

பூங்கோதைக்கு முகம் சிவந்துவிட்டது.

அவர் எதிரில் இருந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். உட்கார்ந்தாள்.

“அவ... ருக்கு...”

பூங்கோதைக்கு நாக்கு துறுதுறுத்தது. சட்டென்று முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

“என்ன... ஆச்சுன்னு...”

கடித்துக்கொண்டே இருந்தாள். வெளியே பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போனார்.

“எனக்குத்... தெரியாது.”

முந்தானை வாயிலிருந்து தானாக விழுந்தது.

இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் என்று கேட்க வந்தவள் கேட்கவில்லை. எழுந்தாள். என்னமோ புரிந்தது போலிருந்தது. இந்தத் தடவை ஓடவில்லை. வழியில் தட்டைக்கூட எடுக்கவில்லை.

பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் முகம் பார்க்கிற மாதிரி தரையில் உட்கார்ந்தாள்.

“என்னங்கய்யா ஆச்சு?”

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். வெறுங்கையைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார்.

மெதுவாக உதடு பிரிந்தது.

பூங்கோதையின் வலது கை, பாழாய்ப்போன பழக்கம், தானாக மேலே கிளம்பியது. அதைப் பிடித்து இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

காத்திருந்தாள்.

“பல்லு... வலிக்குதுன்னு... சொல்லத்தாம்மா... வாயைத் தொறந்தேன்.”

இன்னும் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

“தொறக்கத் தொறக்க... நீ... சோத்தை... வச்சே.”